பெருநகரில் பாலும் வேரும் இல்லாத உணவு
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சமணச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் வேலைக்காகச் சென்னைக்குப் புறப்படும்போது, வீட்டில் எழும் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதன்று, "அங்கே எங்கே சாப்பிடுவாய்?" என்பதே. முன்பு அதற்கு எளிய விடை இருந்தது. மாமா வீடோ சித்தப்பா வீடோ நகரத்தில் இருக்கும், அங்கே தங்கிக்கொள்ளலாம். இன்று பெண்பிள்ளைகள் துரைப்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் விடுதிகளில் தங்குகின்றனர். விடுதிச் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் இல்லை. அவர்களுள் சிலர் அண்மைக் காலமாகப் பாலையும் விட்டுவிட்டனர். தேடும் உணவு அதனால் மேலும் குறுகிவிடுகிறது. நனிசைவம் என்று தமிழில் வழங்கத் தொடங்கியிருக்கும் இந்த வழக்கத்திற்கு 'வீகன்' என்ற பெயர் 1944இல் இங்கிலாந்தில் சூட்டப்பட்டது. பெயர் புதியது, அதன் அடியில் உள்ள எண்ணம் சமணருக்குப் புதியதன்று.

சமந்தபத்திராசாரியார் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாரின் மூலகுணங்களைச் சொல்லும்போது, ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விடுவதைச் சேர்த்துச் சொல்கிறது. அந்நூலின் தமிழ் வடிவமே அருங்கலச்செப்பு என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர். அதே வடநூல், பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ள பொருள்களை விலக்கச் சொல்லும் இடத்தில், முள்ளங்கியையும் பச்சை இஞ்சியையும் குறிப்பிட்டு, அவற்றோடு வெண்ணெயையும் சேர்க்கிறது. இது பலர் கவனிக்காத செய்தி. பாலை விலக்கச் சொல்லாத நூல்தான், ஆயினும் வெண்ணெயை விலக்கச் சொல்லியிருக்கிறது. தேனைப் பொறுத்தவரை நனிசைவரும் சமணரும் ஒரே பக்கம் நிற்கின்றனர். பாலில் மட்டும் இருவழிப் பிரிவு.

சென்னையில் இன்று இருவகைப் பெயர்ப்பலகைகளைக் காணலாம். ஒன்று 'ஜைன்' உணவு; மற்றொன்று 'வீகன்' உணவு. இரண்டையும் நம்பி உள்ளே செல்பவர் இரண்டிலும் ஏமாறக்கூடும். 'ஜைன்' என்று உணவுப் பட்டியலில் எழுதியிருந்தால், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு முதலிய கந்தமூலங்கள் இல்லை என்றே பொருள். நெய்யைப் பற்றியோ பாலைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெருவையும் அதன் கிளைச் சந்துகளையும் சுற்றினால், மார்வாரி, குஜராத்திச் சமணர்களின் சமையல் வழக்கம் கடைக்குக் கடை தெரியும். உருளைக்கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் வாழைக்காயை மசித்துப் போடும் பாவ் பாஜி அங்கே கிடைக்கும். கந்தமூலத்தை விலக்குவோருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ரொட்டியைக் கல்லில் வாட்டுவது வெண்ணெயில். இனிப்புக் கடைக்குள் நுழைந்தால் கோவாவும் நெய்யும் தவிர வேறொன்றும் இல்லை. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித்தாள் ஒருகாலத்தில் விலங்கின் தோல், குடல் இவற்றின் இடையே வைத்துத் தட்டப்பட்டது. அவ்வாறு விலங்குப் பொருளைப் பயன்படுத்தக்கூடாது என்று 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. விதி வந்த பின்னும் முதியோர் பலர் வெள்ளித்தாள் ஒட்டிய இனிப்பைத் தொடுவதில்லை. அதில் தவறும் இல்லை.

நுங்கம்பாக்கம், ஆழ்வார்ப்பேட்டை, பெசன்ட் நகர்ப் பக்கங்களில் நனிசைவ உணவைப் பட்டியலில் தனியே காட்டும் புதிய சிற்றுண்டிச் சாலைகள் தோன்றியுள்ளன. அங்கே பாதாம் பாலும் சோயாப் பாலும் தோஃபுவும் உண்டு. அவற்றோடு காளானும் பூண்டும் பீட்ரூட்டும் தாராளமாக உண்டு. பேரீச்சையோடு அத்திப்பழத்தை அரைத்துத் தரும் பானம் ஒன்று அங்கெல்லாம் பெரிதும் விரும்பப்படுகிறது. ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பழங்களையும் விலக்கும் சிராவகருக்கு அதுவும் ஆகாது. ஆக, பால் இல்லாத இடத்தில் வேர் இருக்கிறது. வேர் இல்லாத இடத்தில் பால் இருக்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே வழி தருவது பழைய சிற்றுண்டி ஓட்டல்தான். உடுப்பிச் சமையல் கோயில் மடைப்பள்ளியோடு தொடர்புடையது. வெங்காயமும் பூண்டும் அதன் மூல வழக்கத்தில் இல்லை. நகரத்து வணிகம் அவற்றை உள்ளே கொண்டுவந்துவிட்டது என்றாலும், கேட்டால் தனியே செய்து தரும் சமையற்காரர்கள் இன்னும் இருக்கின்றனர். எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதே முக்கியம்.

இட்லியில் அரிசியும் உளுந்தும் மட்டுமே. பால் இல்லை, வேர் இல்லை. மிளகாய்ப்பொடிக்கு நெய் வேண்டாம், நல்லெண்ணெய் போதும் என்று சொல்லிவிட்டால் அது குறையற்ற உணவு. சாம்பாரைத் தவிர்ப்பது நலம். சின்ன வெங்காயம் இல்லாத ஓட்டல் சாம்பார் அரிது. தேங்காய்ச் சட்னியில் சில இடங்களில் தயிர் கலப்பதுண்டு; கேட்டுக்கொள்ள வேண்டும். தோசைக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. பல ஓட்டல்களில் வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, அதனால்தான் கல்லைத் தேய்க்கின்றனர். 'வெங்காயம் போடாத தோசை' என்று கேட்டவருக்கும் அந்தக் கல்லில்தான் வார்த்துத் தருவர். ரவா தோசை மாவில் மோர் இருக்கக்கூடும். பொங்கலும் கேசரியும் நெய்யின்றி இல்லை. தயிர் வடையோ இருவகையிலும் விலக்கப்பட வேண்டியது: பாலை விட்டவருக்குத் தயிரால் ஆகாது, பாலை விடாத சமணருக்கும், பருப்பும் காய்ச்சாத தயிரும் சேரக்கூடாது என்ற துவிதள விதியால் ஆகாது.

விரதம் மிகுந்தவர்கள் இரவு முழுதும் புளித்த மாவையே ஏற்பதில்லை. அவர்களுக்கு இட்லியும் இல்லை. இடியாப்பமும் தேங்காய்ப் பாலும், தேங்காய்ச் சேவை, எலுமிச்சைச் சேவை ஆகியவையே அவர்களுக்கு உரியவை. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய மெஸ்களில் சேவை நன்றாக அமையும். முழுச் சாப்பாடு மட்டும் எங்கும் தொல்லைதான். கூட்டிலும் பொரியலிலும் கிழங்கோ கேரட்டோ இருக்கும், ரசத்தில் பூண்டு, முடிவில் மோரும் பால் பாயசமும். இலைக்கு முழு விலை கொடுத்துவிட்டுச் சோறும் அப்பளமும் மட்டும் உண்டு எழுந்தவர்கள் பலர்.

உணவு எது என்பதைவிட, எப்பொழுது என்பதே பெருநகரில் கடினமான கேள்வி. இரவு உண்ணாமை தமிழ்ச் சமணரின் அடையாளம். சென்னையில் நவம்பர் இறுதியில் கதிரவன் மாலை 5.40 மணியளவில் மறைகிறது. ஜூலைத் தொடக்கத்தில் 6.40 மணியளவில். மறைவுக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் முன்பே உண்டு முடிக்க வேண்டும் என்று கொள்வோருக்குக் கார்த்திகை மாதத்தில் 4.50 மணியே எல்லை. பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் அந்த நேரத்தில் யார் இருக்கையை விட்டு எழ முடியும்? ஆயினும் சென்னைக்கு ஒரு பழைய வழக்கம் துணை நிற்கிறது: மூன்றரை, நான்கு மணி டிபன். வாழைக்காய் பஜ்ஜியும் சேவையும் அந்நேரத்தில் சூடாகக் கிடைக்கும். தேநீர் இடைவேளையை அந்தி உணவாக மாற்றிக்கொண்டவர்களுக்கு விரதம் தவறுவதில்லை. மெரினாவின் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் பாலும் இல்லாத, வேரும் இல்லாத நல்ல உணவு; கேரட் துருவலும் வெங்காயமும் தூவ வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிட வேண்டும். விற்பவர் கூடையோடு வரும் நேரம்தான் பல நாள்களில் நமக்குக் காலம் கடந்த நேரமாகிவிடுகிறது!

கடையில் வாங்கும் பொட்டலங்களைப் பற்றி ஒரு சொல். பச்சைப் புள்ளி இருந்தால் ஊன் இல்லை என்பதே பொருள்; பாலும் தேனும் இருக்கலாம். நனிசைவ உணவுக்கென்று 2022இல் தனி விதிமுறைகளும், 'வி' என்னும் ஆங்கில எழுத்தைக் கொண்ட பச்சை நிறத் தனிச் சின்னமும் வந்துள்ளன. அச்சின்னமும் கிழங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் எந்தச் சின்னமும் இல்லாத காலத்திலிருந்தே இரு விதிகளுக்கும் பொருந்திவருகின்றன.

இனி, வீடுகளில் மனத்தாங்கலை உண்டாக்கும் செய்திக்கு வருவோம். பேத்தி பாலை விட்டாள் என்றால் பாட்டிக்கு அது வருத்தம். தீர்த்தங்கரருக்குப் பாலால் அபிஷேகம் செய்யும் குடும்பத்தில் பால் பாவமா என்று அவர் கேட்கிறார். பேத்தியின் விடை இது: வீட்டுப் பசுவின் கன்று குடித்த பின் கறந்த பாலைத்தான் பாட்டி அறிவார், பாக்கெட்டில் வரும் பாலின் பின்னே உள்ள காளைக்கன்றும் வற்றிய பசுவும் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. உலகில் மிகுதியாகப் பால் தரும் நாடு இந்தியா. அத்தனை மாடுகளுக்கும் முதுமைக் காப்பிடம் இல்லை. அயனாவரத்தில் 1906 முதல் இயங்கிவரும் பிஞ்சிராபோல் கைவிடப்பட்ட மாடுகளைப் பேணுகிறது. அத்தகைய இடங்கள் தேவைக்குப் போதா. பேத்தியின் கேள்வியை நாகரிக மோகம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. பாட்டியின் பக்தியை அறியாமை என்று பேத்தி ஒதுக்குவதும் அவ்வாறே.

பாட்டியின் மற்றோர் அச்சம் உடல்நலம் பற்றியது, அதற்கு இடமுண்டு. சுண்ணாம்புச் சத்தைக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் தரும். ஆனால் பி12 உயிர்ச்சத்து பயிருணவில் போதிய அளவு கிடைப்பதில்லை. பாலை முற்றிலும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு அதனைத் தனியே எடுத்துக்கொள்வது இன்றியமையாதது. இதில் பிடிவாதம் காட்டும் இளைஞர்களைப் பெற்றோர் உறுதியாகவே திருத்தலாம்.

அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். நகரத்து ஓட்டல்களில் வழி தேடும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை விழாப் பந்தியில் அமரும்போதும் 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்டுக் கேட்டு உண்ண வேண்டியதில்லை. பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்த்த பாயசம் எல்லாருக்கும் ஆகும். பால் பாயசத்திற்கு மாற்றாக அதனை ஒரு பாத்திரத்தில் வைத்தால் போதும். நெய்யை இலையில் கேட்டவருக்கு மட்டும் ஊற்றலாம். சித்திரையை ஒட்டிய இந்நாள்களில் கதிரவன் மறைய 6.20 மணி ஆகிறது. கடைசிப் பந்தி ஐந்து மணிக்குத் தொடங்கினால், துரைப்பாக்கத்திலிருந்து அரைநாள் விடுப்பில் வரும் பெண்ணும் வெளிச்சம் இருக்கும்போதே உண்டு எழுவாள்.