மஞ்சளாற்றைக் கேட்டுவிட்டுப் பாதை போடுங்கள்



ரயிலே வராத கெங்குவார்பட்டியில் மலை ரயில் பற்றிக் கருத்தரங்கா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். வராத ஊரில்தானே பேச வேண்டும்? திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, போடி, கம்பம் வழியாகக் குமுளி வரை ரயில் வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் பழைய கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் மேடையேறும். பிறகு இறங்கிவிடும். அது உண்மையாகவே வரும் நாளில் எப்படி வர வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் மலையில் ஏற்கெனவே ஒரு ரயில் ஓடியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரு பக்கச் சிறு சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், மறுபக்கப் பெரிய சக்கரம் தரையில் உருளும், இழுப்பது மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் குறும்பாதை அமைத்து நீராவி இஞ்சினை ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷன் வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி. செங்குத்தான சரிவில் ரயிலை இறக்க அவர்கள் முயலவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலே ரயில், நடுவில் கம்பிவடம், கீழே வண்டி. காசுக் கணக்குத் தெரிந்தவர்கள் போட்ட ஏற்பாடு அது.

1924 ஜூலையில் விடாமல் பெய்த மழையில் அந்த ரயில் போனது. மலையாளக் கணக்கில் 1099-ஆம் ஆண்டு. கேரளத்தார் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்’ என்றே சொல்கிறார்கள். பாலம், தண்டவாளம், நிலையம் எல்லாம் அடித்துக்கொண்டு போயின. திரும்பக் கட்ட யாரும் முன்வரவில்லை. பாதையைத் தீர்த்துக் கட்டியது தண்ணீர். நீலகிரியிலும் இதே கதைதான். 208 வளைவு, 16 குகை, பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம் என்று 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய அந்தப் பாதையில், பல்சக்கரம் வைத்து ஏற்றத்தை வென்றாயிற்று. ஆனால் ஐப்பசி அடைமழை பிடித்தால் கல்லாறு, ஹில்குரோவ் பக்கம் மண் சரிந்து இன்றும் வண்டி நின்றுவிடுகிறது.

சமவெளிக் கதையையும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் மறுபடி போட்டார்கள். அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பரோடு நிறுத்திய வண்டி, தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் திரும்பியது. 90 கிலோமீட்டர், ஏற்கெனவே இருந்த தடம், மலை என்று சொல்ல ஆண்டிபட்டிக் கணவாய் ஒன்றுதான். அதற்கே பன்னிரண்டு வருடம்.

இப்போது குமுளிக்கு வருவோம். மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கும் மேலே குமுளிக்கும் ஏறத்தாழ 400 மீட்டர் உயர வித்தியாசம். மும்பை பக்கத்துப் போர் காட் பாதையின் ஏற்றம் 37-க்கு 1. பின்னால் இஞ்சின் வைத்துத் தள்ளித்தான் வண்டியை ஏற்றுகிறார்கள். நாம் 40-க்கு 1 என்று வைத்தால்கூட அந்த 400 மீட்டரை ஏற 16 கிலோமீட்டர் தடம் வேண்டும். 100-க்கு 1 என்றால் 40. அத்தனை தூரத்தையும் சுற்றிச் சுற்றி எங்கே வைப்பது? இந்தப் பக்கம் மேகமலைக் காடு, அந்தப் பக்கம் பெரியாறு. இரண்டுமே புலிகள் காப்பகம். கேரளத்து அங்கமாலி–எருமேலி சபரி பாதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1997-98-இல் ஒப்புதல் கிடைத்த 111 கிலோமீட்டரில், காலடி வரை ஏழு கிலோமீட்டர்தான் போட்டார்கள்.

என் கருத்து சிலருக்குக் கசக்கும். நம் குமுளி ரயில் கோரிக்கைக்குச் ‘சபரிமலை ரயில்’ என்று பெயர் வைத்ததே நமக்கு எதிராகப் போய்விட்டது. ஐயப்ப பக்தர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குமுளி மலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் செலவு எகிறும். அந்தக் கோப்பு தூங்கும்போது, மலையே இல்லாத திண்டுக்கல்–பெரியகுளம்–தேனித் தடமும் சேர்ந்து தூங்கும். பெரியகுளம் மாம்பழமும் கம்பம் பன்னீர் திராட்சையும் போடி ஏலக்காயும் ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் சரக்கு. தேனி வரை முதலில் கேளுங்கள். லோயர் கேம்ப் வரை அடுத்து. மலைக்கு மேல் பேருந்து ஏறட்டும்.

அடிவாரத் தடத்தைச் சுலபம் என்றும் நான் சொல்லவில்லை. கொடைக்கானல் மலையில் எலிவால் அருவியாக விழும் தலையாறுதான் மஞ்சளாறு அணைக்கு வருகிறது. அணையின் உயரம் 57 அடி. 51 அடியில் முதல் எச்சரிக்கை, 53-இல் இரண்டாவது, 55-இல் மூன்றாவது. அதற்குமேல் வரும் தண்ணீரை ஆற்றில் விட்டுவிடுவார்கள். தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி, வத்தலக்குண்டுக் கரையோரத்தாருக்கு அந்த எண்கள் மனப்பாடம். திண்டுக்கல்லிலிருந்து வரும் எந்த ரயிலும் இந்த ஆற்றைத் தாண்டாமல் பெரியகுளம் போக முடியாது. காட்ரோடு பக்கத்து ஓடைகள் முக்கால் வருடம் காய்ந்து, புளியமர நிழலில் ஆடு படுத்துக் கிடக்கும். சித்திரையில் அளக்க வருபவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு குழாய் பதித்தால் போதும் என்று எழுதிவிடுவார். கார்த்திகையில் வந்து பார்த்தால் பாலம் என்று எழுதுவார். அணைக்கரை போல உயர்த்திக் கட்டும் ரயில் மண்மேடு கண்மாய்க்குப் போகும் தண்ணீரைத் தடுத்தால், மேல்பக்கம் வயல் மூழ்கும், கீழ்ப்பக்கம் கண்மாய் வறளும்.

ஆகவே இன்றைய அமர்வுகளின் வரிசையைச் சற்று மாற்றியிருக்கிறேன். குகை, பாலம் பற்றிய பொறியாளர் கட்டுரைகள் மதியத்துக்குப் போகின்றன. காலையில் மஞ்சளாற்றுப் பாசன விவசாயிகள் பேசுவார்கள். எந்த ஓடை எந்த வருடம் எங்கே உடைத்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அதோ சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் மாணவர்கள் குறித்துக்கொண்டே வரவேண்டும். பென்சிலால் குறியுங்கள், அடுத்தவர் எழுந்து மறுப்பார். முதலில் பேசுபவரை மேடைக்கு அழைக்கிறேன்.