மருந்துக்கு அடங்காத கிருமிகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



 

கொரோனாக் காலத்தில் மருத்துவமனைக்குச் சென்று திரும்பாதவர்கள் அனைவரையும் அந்த வைரஸ் ஒன்றே கொண்டுசென்றது என்று நாம் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. சிலரை மருத்துவமனைக்குள்ளேயே வேறொரு கிருமி பற்றியது. அக்கிருமிக்குக் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பத்து மருத்துவமனைகளில் சேர்ந்த 17,534 கொரோனா நோயாளிகளைப் பற்றி ஆய்ந்தது. அவர்களுள் 3.6 விழுக்காட்டினருக்கே இரண்டாம் தொற்று ஏற்பட்டது. ஆனால் அச்சிலருள் 56.7 விழுக்காட்டினர் மரணமடைந்தனர். மொத்த நோயாளிகளிலோ இறப்பு 10.6 விழுக்காடு. அவர்கள் முன்பே கடுமையாக நோயுற்றிருந்தவர்கள் என்பதால், எல்லா மரணங்களையும் இக்கிருமிகளின் கணக்கில் எழுதிவிடலாகாது. எனினும் இந்த வேறுபாடு அஞ்சத்தக்கதே. அங்கு அதிகமாகக் காணப்பட்டது கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா. நலமுடன் இருப்போர் குடலிலும் இது வாழும், தீங்கு செய்யாது. செயற்கைச் சுவாசக் குழாய், சிறுநீர்க் குழாய், இரத்த நாளத்தில் செருகிய ஊசி ஆகியவற்றின் வழியே உள்ளே புகுந்தால் ஆபத்து. மெரோபெனம் போன்ற உயர்வகை ஊசி மருந்துகளுக்கும் அடங்காத வகைகள் இதில் பெருகிவிட்டன. அப்போது எஞ்சுவது கோலிஸ்டின் போன்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கவல்ல ஓரிரு மருந்துகளே.

இவை எவ்வாறு பெருகின? ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. அதனைத் தேவையின்றி உண்ணும்போது உடலிலுள்ள எளிய கிருமிகள் மடிகின்றன. மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. அவ்வாற்றலை அவை அண்டைக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடுகின்றன. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் சுமார் 8 விழுக்காட்டினருக்கே பாக்டீரியாத் தொற்று இருந்தது என்றும், நான்கில் மூவருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024-இல் தெரிவித்தது. அக்காலத்தில் வீடுதோறும் வாங்கி வைத்த அஸித்ரோமைசின் மாத்திரையை நினைவுகூருங்கள். பிரிட்டனில் 7,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அம்மாத்திரையால் கொரோனா மரணம் குறையவில்லை என்பது உறுதியாயிற்று.

மருத்துவமனையின் நிலையும் இதற்குத் துணைபோயிற்று. கட்டில்கள் நெருங்கின; செவிலியர் பற்றாக்குறை. கையுறை அணிந்தவர்கள் அதனை மாற்றாமலே அடுத்த நோயாளியைத் தொட நேர்ந்தது. மாற்றாத கையுறை தம்மைத்தான் காக்கும், நோயாளியைக் காக்காது என்பது அந்த அவசரத்தில் மறந்துபோயிற்று. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை.

நோயாளியை நலம் விசாரிப்பது நமது மார்க்கம் வலியுறுத்தும் கடமை. ஆயினும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பத்துப் பேர் சென்று, ஒவ்வொருவரும் கையைப் பிடித்து துஆ செய்வது நோயாளிக்கு நன்மையாகாது. வீட்டிலிருந்தே துஆ செய்யலாம். உள்ளே செல்பவர் வுளூவில் விரலிடுக்குகளைக் கோதுவதுபோல் சோப்பினால் கழுவிக்கொள்ளட்டும். மருத்துவமனை வாயிலிலுள்ள கிருமிநாசினியில் ஆல்கஹால் உண்டே எனத் தயங்குவோர் உளர். புறப்பயன்பாட்டுக்கு ஆலிம்கள் பலர் அனுமதி வழங்கியுள்ளனர். ஐயமிருப்போர் நம் இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளியலாம்.

சளி, காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் நாமாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதை இன்றே விட்டுவிட வேண்டும். "வலுவான மாத்திரையாகக் கொடுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்தவும் வேண்டாம்.

நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். பைத்துல்மாலுக்கு மருத்துவ உதவி கேட்டு வருவோருள், பெரும் விலை ஊசிகளுக்காக வருவோரும் உளர். இரத்தம், சிறுநீர், சளி இவற்றில் எக்கிருமி உள்ளது, எம்மருந்துக்கு அது அடங்கும் என்று காட்டும் கல்ச்சர் பரிசோதனை ஒன்று உண்டு. முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ஊசியைத் தொடங்குமுன் அதற்கு மாதிரி எடுக்கப்பட்டதா என்று குடும்பத்தார் கேட்கலாம். வசதியற்றோருக்கு அப்பரிசோதனைக் கட்டணத்தையும் இவ்வாண்டு முதல் உதவிப் பட்டியலில் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.