விழிவெண்படலத்தை அளந்தறிதல்

பெரகலைச் சந்தியிலிருந்து பலாங்கொடைப் பாதையில் இறங்கினால் ஹல்துமுல்லை வரும். அவ்வூரிலும் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் மூக்குக்கண்ணாடியுடன் பாடசாலை செல்லும் பிள்ளைகள் உளர். அவர்களுள் பெரும்பாலார்க்குக் கண்ணாடியே போதும். ஆனால், பதினான்கு வயதில் ஒன்று, பதினைந்தில் வேறொன்று, பதினாறில் மற்றொன்று என மாற்றியும் கரும்பலகை தெளியாத பிள்ளையின் நிலை வேறு. எழுத்துக்கு நிழல் விழுந்தாற்போல இரட்டையாகத் தெரிகிறது என்பான். இரவிலே லொறி விளக்கின் ஒளி வால் முளைத்து நீள்கிறது என்பான். ஓயாது கண்ணைக் கசக்குவான். படிப்பில் மனமில்லை என்று வீட்டார் கடிந்துகொள்வர். குறை மனத்திலன்று, விழிவெண்படலத்தின் வடிவிலே இருக்கக்கூடும்.

விழிவெண்படலம் என்பது கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோலக் கவிந்துள்ள பகுதி. பெயரில் வெண்மை இருப்பினும் அது நிறமற்றது. நடுவில் அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றரே. சிலருக்கு இளம்பருவத்தில் அப்படலம் மெலிந்து கூம்புபோல் முன்தள்ளத் தொடங்குகிறது. இதனைக் கெரட்டோகோனஸ் என்பர். 1854ஆம் ஆண்டிலே லிவர்பூல் நகர வைத்தியர் ஜோன் நொட்டிங்காம் இந்நோயைப் பற்றித் தனிநூல் எழுதினார். முற்றிய கூம்பைப் பக்கவாட்டில் நோக்கினால் வெறுங்கண்ணுக்கே புலப்படும். அந்நிலை வருமுன் அறிவதே அரிது.

பித்தளைக் குடத்தில் முகம் பார்த்தவர்க்கு, குடம் நெளிந்த இடத்தில் முகமும் நெளியும் என்பது தெரியும். போர்த்துக்கல் நாட்டுக் கண் வைத்தியர் அந்தோனியோ பிளாசிடோ 1880இல் செய்த கருவியின் தத்துவமும் அதுவே. ஒரு வட்டத்தட்டு, அதிலே ஒன்றனுள் ஒன்றாகக் கறுப்பு வெள்ளை வளையங்கள், நடுவே ஒரு துளை. தட்டை நோயாளியின் கண்ணுக்கு நேரே பிடித்துத் துளை வழியே பார்த்தால், படலத்தில் வளையங்களின் பிம்பம் தோன்றும். படலம் சீராயின் வளையங்களும் சீராயிருக்கும். கூம்பியிருப்பின் அவ்விடத்தில் நெருங்கியும் கோணியும் நிற்கும். ஹல்துமுல்லையில் போர்த்துக்கேயர் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை ஒன்றின் எச்சம் உண்டு. அக்கோட்டையைவிட இத்தட்டு அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பயனுடையது எனலாம்! சுவிற்சர்லாந்து அறிஞர் மார்க் அம்ஸ்லர் 1938இல் இவ்வளையங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, நோயின் தொடக்க நிலையையும் கண்டறியலாம் எனக் காட்டினார்.

இன்று அவ்வளையங்களைக் கணினி வாசித்து, படலம் முழுவதையும் நிறங்களால் வரைபடமாக்கித் தருகிறது. படலத்தின் வளைவு ஒளியை முறிக்கும் வலுவை டயொப்டர் என்னும் அலகால் குறிப்பர். வழமையான கண்ணில் அது 43 அல்லது 44 அளவில் இருக்கும். நடுப்பகுதியில் 47ஐத் தாண்டினாலும், கீழ்ப்பாதி மேற்பாதியைவிட ஏறத்தாழ ஒன்றரை டயொப்டர் மிகுந்தாலும் வைத்தியர் ஐயுறுவர். பழைய வளைவுமானி படலத்தின் நடுவே மூன்று மில்லிமீற்றர் அளவான வட்டத்தையே அளக்கும். கூம்போ பெரும்பாலும் சற்றுக் கீழே தொடங்குவது. ஆகவே, அக்கருவி குறையில்லை என்று காட்டியதனால் மட்டும் அமைதியடைதல் கூடாது. புதிய கருவிகள் சில, படலத்தின் பின்புறத்தையும் தடிப்பையும் சேர்த்தே அளக்கின்றன.

இந்தியாவில் நாக்பூரை அடுத்த கிராமங்களில் முப்பது வயதைக் கடந்தோரை அளந்து, 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இக்குறை உண்டு என்றது. நடுவளைவை மட்டுமே கொண்ட அளவை அது. எனினும் புறக்கணிக்கத் தக்கதன்று. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தாரையும் அளத்தல் வேண்டும். நெருங்கிய உறவுக்குள் மணம் செய்தோரின் மக்களிடையே இது மிகுதி என்று கண்ட ஆய்வுகளும் உள. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம்மவர் இதனை மனத்தில் இருத்துவது நலம்.

இத்தனை அவசரம் ஏன்? ஜேர்மனியின் திறெஸ்டன் நகரத்து வைத்தியர் 2003இல் ஒரு சிகிச்சையின் பயனை வெளியிட்டனர். ரைபோபிளேவின் என்னும் B2 உயிர்ச்சத்துக் கரைசலைப் படலத்தில் ஊறவிட்டு, புறஊதாக் கதிரை முப்பது நிமிடம் பாய்ச்சுவர். படலத்தின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். அது கூம்புதலை நிறுத்துமேயன்றி, இழந்த வடிவை முழுதும் மீட்டுத் தராது. அன்றியும், அம்முறைக்குப் படலம் 400 மைக்கிரோமீற்றர் தடிப்பேனும் இருத்தல் வேண்டும். வழமையான தடிப்பு 540 அளவினது. அவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட காலமே பிள்ளைக்குரிய காலம்.

அதைத் தவறவிட்டால் வன்வில்லைகள் உண்டு. அவையும் உதவாவிடின் மாற்றுப் படலம் பொருத்துவர். அதற்கும் இந்நாட்டில் வழியுண்டு. ஹட்சன் சில்வா 1961இல் தொடக்கிய கண்தானச் சங்கம் 1964 முதல் பிறநாடுகளுக்கும் கண்களை அனுப்பி வந்துள்ளது. ஆயினும், அளந்தே தடுத்திருக்கக்கூடிய ஒரு கண்ணுக்கு இறந்தவர் கண் ஏன் வேண்டும்?

பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கோ, அங்கிருந்து அனுப்பினால் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கோ பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய், ஒருநாள் கொழுந்துக் கூலியை இழந்துதான் செல்கிறாள். ஒருநாள் அளவை மட்டும் நோய் வளர்கிறதா, நிற்கிறதா என்பதைச் சொல்லாது. முன்னைய அளவோடு ஒப்பிட்டே வைத்தியர் துணிவர். ஆதலால், சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் எழுதிக்கொடுத்த கண்ணாடித் துண்டுகளை எறிந்துவிடாமல், பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் தகரப்பெட்டியிலேயே போட்டுவைத்து அவள் உடன்கொண்டு செல்லல் வேண்டும்.