பகவான் நாமத்தின் யோக்கியதை



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் நாம ஜெபம் என்பதாகும். இந்தக் கலியுகத்தில் மனிதன் கடைத்தேற யாகம் வேண்டியதில்லை, தவம் வேண்டியதில்லை, பகவான் பெயரை வாயினால் சொல்லிக் கொண்டிருந்தாலே போதும் என்று நமக்குச் சொல்லி வருகிறார்கள். அதோடு, மற்ற சடங்குகளைப்போல் இதற்குச் செலவில்லை, ஜாதி பேதமில்லை, ஆண் பெண் பேதமில்லை என்றும் பெருமை பேசிக் கொள்ளுகிறார்கள். கலிசந்தரண உபநிஷத்து என்னும் ஒரு சிறு நூல், சுத்தமாயிருப்பவனும் சொல்லலாம், அசுத்தமாயிருப்பவனும் சொல்லலாம் என்றே எழுதி வைத்திருக்கிறது. ஆகையால் இதைக் கண்டித்துப் பேசுவது, திதியையும் திவசத்தையும் கண்டித்துப் பேசுவதைப்போல் அவ்வளவு சுலபமல்ல. "பாவம், பாட்டி ஒரு மூலையில் உட்கார்ந்து ராம ராம என்கிறாள், அதனால் உங்களுக்கு என்னையா நஷ்டம்?" என்று கேட்பார்கள். பாட்டியோடு நமக்குச் சண்டையில்லை. பாட்டிக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்களோடுதான் நமக்குப் பேச்சு.

நாமத்தின் மகிமைக்கு அவர்கள் காட்டும் பெரிய ஆதாரம் பாகவத புராணம் ஆறாவது ஸ்கந்தத்திலுள்ள அஜாமிளன் கதையாகும். கன்னியாகுப்ஜத்தில் அஜாமிளன் என்று ஒரு பார்ப்பனன். கட்டின மனைவியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு வாழ்ந்து, சூதாடியும், திருடியும், ஏமாற்றியும் குடும்பம் நடத்தினான் என்று புராணமே சொல்லுகிறது. அவனுக்குப் பத்துப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு நாராயணன் என்று பெயர். சாகிற சமயத்தில் எமதூதர்களைக் கண்டு நடுங்கி, "நாராயணா!" என்று பிள்ளையைக் கூப்பிட்டான். உடனே விஷ்ணுதூதர்கள் ஓடி வந்து, கேலிக்காகச் சொன்னாலும் சரி, வேறொருவரைக் கருதிச் சொன்னாலும் சரி, நாமம் பாவத்தையெல்லாம் பொசுக்கிவிடும் என்று வாதாடி அவனை மீட்டு விட்டார்களாம். அப்புறம் அவன் கங்கைக் கரைக்குப் போய் பக்தி செய்து வைகுந்தம் சேர்ந்தான் என்றும் கதை போகிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் எமதூதர்களுடைய கயிறு அவிழ்ந்தது, பிள்ளையைக் கூப்பிட்ட அந்த ஒரு கூப்பாட்டினால்தான் என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறில்லை.

தோழர்களே! இந்த வழக்கில் இரண்டு பக்கத்துத் தூதர்களும் பேசுகிறார்கள். எமதர்மன் பேசுகிறான். ஆனால் அவனிடம் பொருளைப் பறிகொடுத்தவன் எங்கே? ஏமாந்தவன் எங்கே? ஒரு குற்றமும் செய்யாமல் கைவிடப்பட்ட அந்த மனைவி எங்கே? ஒரு முன்சீப் கோர்ட்டில்கூட வாதியை விசாரிக்காமல் பிரதிவாதிக்குத் தீர்ப்புச் சொல்லமாட்டார்களே! இதில் மட்டும் நஷ்டப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே கணக்குத் தீர்ந்து விட்டது. ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பதினாயிரத்துக்குக் கைநாட்டு வாங்குகிறவன், விடியற்காலையில் 108 தரம் நாமம் சொல்லுவதற்கு ஏன் அவ்வளவு ஆசைப்படுகிறான் என்பது இப்பொழுது விளங்குகிறதா? கடன் கொடுத்தவனும் கடன்பட்டவனும் ஒரே நாமத்தைத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் அது ஒருவனுக்கு மன்னிப்பாகிறது, மற்றவனுக்குப் பொறுமையாகிறது.

இனி, செலவில்லை என்கிறார்களே, அதைப் பார்ப்போம். முன் சொன்ன உபநிஷத்து, பதினாறு நாமங்கள் கொண்ட மந்திரத்தை மூன்றரைக் கோடி தரம் சொன்னால் பிரம்மஹத்தி பாவம் முதலியவை போய்விடும் என்கிறது. (மற்ற ஜாதிக்காரனைக் கொன்றவனுக்கு எத்தனை தரம் என்று நாமும் தேடிப் பார்த்தோம்!) நாம் ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். ஒரு தரம் சொல்ல 5 விநாடி என்று வைத்துக் கொண்டு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேறு வேலையே செய்யாமல் சொன்னால் 16 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாற்று நடுகிறவளும், மில்லில் நிற்கிறவனும் இதைச் செய்ய முடியுமா? செய்தால் அன்று மாலை அடுப்பில் என்ன வேகும்? ஆகவே 16 வருஷம் உட்கார்ந்து ஜெபிக்கிறவன் ஒருவன் இருந்தால், அவனுக்குச் சோறு போட 16 வருஷம் பாடுபட்டவர்களும் இருந்தாக வேண்டும்.

சொல்லுவதிலேயே சக்தி இருக்கிறது, கருத்து வேண்டியதில்லை என்றால், கிளி சொன்னாலும் மோட்சம்தான். இப்பொழுதோ கோயில் வாசல் கடைகளில் மின்சாரப் பெட்டி விற்கிறார்கள். விசையைத் தட்டினால் ராப்பகலாகத் தானே ஜெபிக்கிறது. அந்தப் புண்ணியம் பெட்டிக்கா, மின்சார வாரியத்துக்கா என்று யாராவது சொன்னால் தேவலை.

நிற்க. நாமத்தில் ஜாதியில்லை என்ற பேச்சைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிர தேசத்துப் பண்டரிபுரத்து பக்தர்களின் கதையை நம் பக்கத்துப் பாகவதர்களும் காலட்சேபத்தில் உருகி உருகிச் சொல்லுவார்கள். அவர்களில் சோகாமேளர் என்பவர் மகார் என்னும் தீண்டப்படாத ஜாதியிற் பிறந்தவர். வாழ்நாளெல்லாம் விட்டல நாமத்தைப் பாடினவர். அவரைக் கோயிலுக்குள் விடவில்லை. 1338இல் மங்களவேடா என்ற ஊரில் மதில் கட்டும் வேலையில் இருந்தபோது, சுவர் இடிந்து விழுந்து மற்றக் கூலிகளோடு செத்துப் போனார் என்று சொல்லுகிறார்கள். இடிபாட்டில் எது அவருடைய எலும்பு என்று தெரியவில்லையாம். நாமதேவர் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்க, சில எலும்புகளிலிருந்து "விட்டல, விட்டல" என்ற ஓசை வந்ததாம். அவற்றைக் கொண்டுவந்து பண்டரிபுரத்தில் புதைத்தார்களாம். எங்கே? கோயில் வாசற்படிக்குக் கீழே! வெளியிலே!

எலும்பு பேசிற்று என்பதை நாம் நம்பவில்லை. நம்புகிறவர்களைத்தான் கேட்கிறோம். எலும்பும்கூட நாமம் சொல்லிற்று என்று ஒப்புக்கொண்ட பிறகும், அந்த எலும்பைப் படிக்கு மேலே ஏற்ற உங்களுக்கு மனம் வரவில்லையே, அது ஏன்? நாமம் எல்லோருக்கும் பொது என்று சொன்ன அதே வாய்தானே கதவைச் சாத்தச் சொல்லிற்று?

அவருடைய ஜாதியாருக்கு அந்தக் கதவு திறந்தது 1947இல். சானே குருஜி என்பவர் உண்ணாவிரதம் இருந்து, ஊர் ஊராய்க் கிளர்ச்சி நடந்த பிறகு திறந்தது. 1338இலிருந்து எண்ணினால் 609 வருஷம். அத்தனை வருஷமும் நாமம் ஓயாமல் ஒலித்துக் கொண்டுதான் இருந்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு 1924இல் பெரியார் முதலியோர் சிறைக்குப் போக வேண்டியிருந்ததே ஒழிய, தெருமுனையில் நின்று நாமம் சொல்லி யாரும் உள்ளே போய்விடவில்லை.

வாயைத் திறந்து பெயரைச் சொல்லுவதை யாராலும் தடுக்க முடியாது. தடுக்க முடியாததைத் தானமாகக் கொடுத்துவிட்டு, கிணறு, தெரு, கோயில், நிலம், படிப்பு இவ்வளவையும் பூட்டி வைத்துக் கொண்டார்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

இந்தக் கூட்டத்திற்குப் பஜனை மடத்து அன்பர்கள் சிலரும் வந்திருப்பதாக அறிகிறோம், சந்தோஷம். அஜாமிளன் மனைவிக்கும் சோகாமேளர் எலும்புக்கும் அவர்களிடம் பதில் இருந்தால் இந்த மேடையிலேயே வந்து சொல்லட்டும். அவர்களுக்கு இடம் விட்டு நாம் உட்காருகிறோம்.