ஓயும் காந்தமும் ஓயாத காந்தமும்

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் சிறு பொம்மையிலும் காந்தம் உண்டு. மருத்துவமனையில் உடலைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலும் காந்தம் உண்டு. முன்னது விளையாட்டு, பின்னதில் கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்து.

காந்தம் எல்லா உலோகங்களையும் இழுக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற சிலவற்றையே அது வலுவாக ஈர்க்கும். தங்கமும் செம்பும் அதற்கு அசைந்து கொடுப்பதில்லை. ஒத்த முனைகள் விலக்கும். எதிர் முனைகள் ஈர்க்கும். காந்தத்தை இரண்டாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் வடமுனையும் தென்முனையும் இருக்கும்.

மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவு 1820இல் வெளிப்பட்டது. மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதை டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட் கண்டார். 1825இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், வளைந்த இரும்பில் செம்புக் கம்பியைச் சுற்றி மின்சாரம் செலுத்தினார். சுமார் 200 கிராம் இரும்பு 4 கிலோ எடையைத் தூக்கியது. அதுவே மின்காந்தம்.

சுற்றுகளையோ மின்னோட்டத்தையோ கூட்டினால் அதன் ஈர்ப்பு கூடும். மின்சாரத்தை நிறுத்தினால் ஈர்ப்பும் ஓய்ந்துவிடும். பழைய இரும்புக் கிடங்கில் பாரந்தூக்கி இரும்பைத் தூக்குவதும், வேண்டிய இடத்தில் போடுவதும் இதனால்தான்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் அப்படியன்று. பெரும்பாலானவற்றில் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தால் சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கப்படுகிறது. அந்தக் குளிரில் கம்பியில் மின்தடையே இராது. ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். படமெடுத்து முடிந்து சத்தம் அடங்கினாலும் காந்தம் அடங்குவதில்லை. 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியினுடையதைப்போல் சுமார் 30,000 மடங்கு.

2001இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அறைக்குள் கொண்டுவரப்பட்ட உயிர்வாயு உருளையைக் காந்தம் இழுத்ததில், உள்ளே படுத்திருந்த 6 வயதுச் சிறுவன் உயிரிழந்தான்.

ஆகவே, படமெடுக்குமுன் தாதி கேட்கும் கேள்விகள் வெறும் சடங்கல்ல. இதயத்துடிப்புக் கருவி, மூளை இரத்தக்குழாயில் பொருத்திய கவ்வி, செவிக்குள் பொருத்திய கருவி, பட்டறை வேலையில் கண்ணுக்குள் பாய்ந்த இரும்புத்துகள் என எதுவாயினும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில புதிய கருவிகளுக்கு உரிய ஏற்பாட்டுடன் படமெடுக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த அறுவைச் சிகிச்சையைப் பெற்றோர் மறந்திருக்கக்கூடும். அதை நினைவூட்டுவது உடன் செல்லும் பிள்ளைகளின் கடமை.