தொடர்பு விட்டுப் போகக் கூடாது



பட்டம் பெறும் பிள்ளைகளே, இன்று மாலைக்குள் ஒருவருக்கொருவர் பலமுறை 'கீப் இன் டச்' என்று சொல்லிப் பிரிவீர்கள். சொன்னதைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். பெரியவர்கள் இன்றும் 'தோட்டத் துண்டாடல்' என்று சொல்லும் காலம் அது. வேலையோடு வீடும் போயிற்று. எங்கள் லயத்துச் சனங்கள் புந்தோங், கிள்ளான், கோலாலம்பூர் என்று சிதறினார்கள்.

என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் படித்த என்னை உட்கார வைத்து, யார் எங்கே போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வார். யாராவது வீடு மாறினால் பழைய முகவரியை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதியதை எழுத வேண்டும். கல்யாணமோ சாவோ, அந்த நோட்டைப் பார்த்துத்தான் சேதி போகும். விளையாடுகிற நேரத்தில் இது ஏன் என்று அலுத்துக்கொள்வேன். பிறகு படிப்புக்காகக் கோலாலம்பூர் போனபோது எனக்கு இடம் கொடுத்துச் சோறு போட்டது அந்த நோட்டில் இருந்த ஒரு குடும்பம்தான். ஒரு காசு வாங்கவில்லை.

நான் கூட்டுறவுத் துறைக்கு வந்ததும், இப்படி ஒருவரை ஒருவர் தாங்கியதைப் பார்த்ததால்தான். அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், அமைச்சராக இருந்தும் தோட்டம் தோட்டமாகப் போய், துண்டாடப்படும் தோட்டங்களை நாமே சேர்ந்து வாங்கலாம் என்று தொழிலாளர்களிடம் பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 100 வெள்ளிப் பங்கு. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அதுவே சில நாள் கூலி. ஆனாலும் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பேராக்கில் பால் வெட்டியவர், கண்ணால் பாராத கெடாத் தோட்டத்துக்குப் பங்காளியானார். நேரில் வந்து பேசிய மனிதர்மேல் வைத்த நம்பிக்கை அது.

வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பியதோடு கடமை முடிந்துவிடாது. வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். படித்த பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். ஈப்போவை விட்டு எங்கே போனாலும், உங்கள் எண்ணை அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அழைப்பு வந்தால் எடுங்கள்.