துப்பாக்கியின் நடுப்பட்டை



இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியை உங்களில் மூத்தவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இபுராகிம் பெயர்பெற்ற வேட்டைக்காரர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஊர்க்காவல் படையினர் கையிலும் வேட்டைத் துப்பாக்கிகள் இருந்தன. இளஞ்செம்பனையின் குருத்தைத் தின்ன வரும் காட்டுப்பன்றிகளுக்காக, உரிமம் பெற்றவர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு குழல்களுக்கும் நடுவே, மேற்புறத்தில் நீளவாட்டில் ஒரு மெல்லிய இரும்புப் பட்டை ஓடும். ஆங்கிலத்தில் அதை 'ரிப்' என்பார்கள். நாம் நடுப்பட்டை என்று சொல்லிக்கொள்வோம். கீழ்ப்புறத்திலும் அதேபோல் ஒன்று உண்டு. குண்டு பாய்வது குழல் வழியாகத்தானே, இந்தப் பட்டைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

வேலை இரண்டு. ஒன்று, கண்ணுக்கு வழிகாட்டுவது. இரண்டு குழல்களும் இணையாக இருப்பதுபோல் தோன்றினாலும், முன்முனைக்குப் போகப் போகச் சற்றே நெருங்குமாறு பொருத்தியிருப்பார்கள். இரண்டு வேட்டுகளும் சுமார் 40 கஜ தூரத்தில் ஒரே இடத்தில் விழவேண்டும் என்பதே நோக்கம். எந்தக் குழலைச் சுட்டாலும் சுடுபவரின் கண் இந்த ஒரே பட்டையின் மேல்தான் ஓடும். இரண்டாவது வேலை, குழல்களை விலகாமல் பிடித்து வைப்பது.

பட்டையில் பல வகை உண்டு. தட்டைப் பட்டையின் மேல், வெயில் பட்டுக் கண் கூசாதிருக்க நுண்ணிய வரிகளை அரத்தால் இழைத்திருப்பார்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் பட்டை வாழையிலைக் காம்புபோல் உட்குழிந்திருக்கும். லண்டனில் ராபர்ட் சர்ச்சில் என்பவர் 1920களில் 25 அங்குலக் குட்டைக் குழல் துப்பாக்கிகளைப் பிரபலமாக்கினார். அவற்றுக்கு உயர்ந்து குறுகிய பட்டை வைத்தார். குட்டைக் குழல் கண்ணுக்கு நீளமாகத் தெரிந்தது. பந்தயத்தில் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளுக்கோ, சூடு தணிய இடைவெளி விட்ட பட்டை. பட்டையின் மேல் செய்தவரின் பெயரும் கடை முகவரியும் பொறித்திருப்பது வழக்கம். கடை இடம் மாறிய ஆண்டு தெரிந்தால், முகவரியைக் கொண்டே துப்பாக்கியின் வயதைக் கணித்துவிடலாம்.

இந்தப் பட்டை எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியது நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே முறைதான். குழலுக்கும் பட்டைக்கும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று பூசி, கம்பியால் இறுக்கிக் கட்டி, இளஞ்சூட்டில் உருக்கி ஒட்டுவார்கள். இந்தக் கலவை சுமார் 200 டிகிரிச் சூட்டிலேயே இளகிவிடும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவர், தந்தையார் காலத்துத் துப்பாக்கியைத் தம் பெயரில் முறைப்படி உரிமம் பெற்று வைத்திருந்தார். ஒருநாள் பட்டையின் ஓரத்தில் மயிரிழை போல் ஒரு விரிசல் தெரிந்தது. மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கும் மருமகன், "கொடுங்க மாமா, கேஸ் வைச்சு ரெண்டு நிமிஷத்துல பத்தவச்சுக் கொண்டாந்துர்றேன்" என்றார்.

பெரியவர் பேசவில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று இருமுறை பார்த்துக்கொண்டு, குழல்களைத் தனியே கழற்றினார். கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினார். பட்டை உறுதியாக இருந்தால் கோயில் மணிபோல் கணீரென்று ஒலிக்கும். அன்று ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் கேட்டது.

"சத்தம் செத்துப்போச்சு மாப்பிள்ளை. இதுக்கு நெருப்பு வைக்கக் கூடாது. லைசென்சும் என் பேருல இருக்கு, நீங்க தூக்கிக்கிட்டு ரோட்டுல போனா ரெண்டு பேருக்கும் வம்பு" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. கேஸ் நெருப்பின் சூடு மூவாயிரம் டிகிரியை எட்டும். அது பற்றை முழுவதும் உருக்கிவிடும். குழலின் இரும்பையும் பலவீனமாக்கும். பழைய குழலின் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது வெடித்தால் முதலில் போவது சுடுபவரின் இடக்கை விரல்கள். விரிசலை அப்படியே விட்டாலும் ஆபத்துதான். நம் நாட்டு மழை ஈரம் பட்டைக்கு அடியில் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் குழலைத் துருவாக அரித்துவிடும்.

பெரியவர் துப்பாக்கியை உரிமம் பெற்ற கடையில் தாமே காட்டினார். துரு ஆழமாக இறங்கிவிட்டது, இனிச் சுடக்கூடாது என்றார்கள். ஒரு வாரம் யோசித்தார். பிறகு அதைத் துடைத்து, துணியில் சுற்றி, போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். "அப்பா ஞாபகமா வச்சிருந்தேன் சார். ஆனா பேரப்பிள்ளைங்க வளர்ற வீடு" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

பெற்றோர்களே, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். தாத்தாவின் பெட்டியிலோ பழைய வீட்டுப் பரணிலோ ஒன்று அகப்பட்டால் துடைக்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், மறைக்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, போலீசாருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மேலே பளபளக்கும் குழலை எல்லாரும் பார்ப்பார்கள். அதைத் தாங்கி நிற்கும் ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்று அந்தப் பெரியவர் கேட்டுப் பார்த்தார். அதனால்தான் அந்தக் குடும்பத்தில் இன்று எல்லாருடைய விரல்களும் பத்திரமாக இருக்கின்றன.